சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்குப் பேராக் மாநில வரலாறு, எங்கே கூட்டிப் போகலாம்?

சிப்புட்வாசி:
வணக்கம். கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், எல்லாரும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு. வரலாறு என்றால் மனப்பாடம் செய்வார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். போன வருடம் ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப் போனேன். விளக்கம் சொன்னவர் வெள்ளைக்காரன் பேராக்கில் கால்வைத்த பங்கோர் ஒப்பந்தம், அவன் அனுப்பிய அதிகாரி பிர்ச் கொலை என்று இருபது நிமிடத்தில் ஓட்டி முடித்துவிட்டார். வெளியே வரும்போது ஒரு பையன், "சார், இதுல நம்ம ஆளுங்க எங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. இந்த விடுமுறையில் வேன் பிடித்து ஒரு நாள் போகலாம் என்று இருக்கிறேன். எங்கே போகலாம், வீட்டிலிருந்தே பார்க்க என்ன இருக்கிறது?

தைப்பிங்மழை:
தைப்பிங் வாங்க சார், குடையோடு. பேராக் அருங்காட்சியகம் 1883இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. கிளம்பும் முன் போன் பண்ணித் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பையனுக்குக் காட்ட வேண்டியது அங்கே இல்லை. 1885இல் நாட்டின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது, ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோக. அந்த ஊர் இப்போது கோலா செபெத்தாங். தண்டவாளம் போய்விட்டது, பழைய பெயர்ப்பலகை நிற்கிறது, அதில் ஊர்ப் பெயரைத் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் தமிழில் எதற்கு எழுதினார்கள் என்று அவனையே கேளுங்கள்.

லெங்கோங்கை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே கிடைத்த, பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய பேராக் மனிதனின் எலும்புக்கூட்டை அவசரமாகப் பார்த்துவிட்டு வர முடியாது, அதற்குத் தனி நாள் வேண்டும்.

பால்மரம்77:
வழியில் கோலகங்சாரில் இறங்குங்க தம்பி. 1877இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. நான் என் அம்மாவைக் கூட்டிப் போனேன், முப்பது வருடம் பால் வெட்டியவர். அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த ஒரு மரத்தாலதான் நாலு மணிக்கு எந்திரிச்சோமா" என்றார். அப்புறம் கையை உளி பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு பட்டையை எந்தச் சாய்வில் வெட்டுவது, பால் வடிகிற மங்கு எங்கே கட்டுவது என்று என் மகளுக்குக் காட்டினார். இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் செம்பனைதானே தெரியும்.

கிராணிபேரன்:
இதெல்லாம் சரி, ஆனால் வேன் ஏறும் முன் ஒரு வேலை இருக்கிறது. நம் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியாட்களுக்கு 1948 ஜூன் 16தான், மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், நாட்டில் அவசரகாலச் சட்டம் வந்தது, அதோடு சரி. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களை யாரும் கேட்பதில்லை. வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும், அதில் உள்ளதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எங்கள் டின்னில் தாத்தாவின் செக்ரோல் (தோட்டத்து ஆள் பதிவு) எண் எழுதிய சம்பளச் சீட்டும், ரஜூலா கப்பலில் வந்தபோது வாங்கிய காகிதமும் இருந்தன. தாத்தா தலை வாரின சீப்பும்தான், அது எதற்கு என்று பாட்டிக்கே தெரியவில்லை.

ஒன்று மட்டும், பெரியவர்கள் சொல்கிற வருடத்தை அப்படியே எழுத விடாதீர்கள். என் பெரியப்பாவுக்கு எல்லாமே 'ஜப்பான்காரன் காலம்'தான். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசைக் காசில்லாமல் பார்க்கலாம். தேதி தெரிந்தால் அந்த நாள் பக்கத்தை நேரே திறந்துவிடலாம். ஆங்கிலத் தாள்களில் தோட்டத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள், ஆனால் எழுத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும், ஒரே தோட்டத்தை நாலு விதமாக எழுதியிருப்பார்கள்.

சிப்புட்வாசி:
நன்றி அண்ணே, அக்கா, எல்லாருக்கும். முதல் ஞாயிறு டின், அடுத்த சனிக்கிழமை கோலகங்சார், தைப்பிங், போர்ட் வெல்ட் பலகை. லெங்கோங் அடுத்த விடுமுறைக்கு. வேன்காரர் பதினாலு பேருக்கு மேல் முடியாது என்கிறார். ஈப்போ பக்கமிருந்து யாராவது ஒரு கார் எடுத்து வர முடியுமா? பெட்ரோல் காசு நான் தருகிறேன்.