அபாய நிலை 3 என்றால் பயணத்தைத் தொடரலாமா?

கேள்வி:
பனிச்சரிவு அறிவிப்பில் அபாயம் 5இல் 3ஆம் நிலை என்று உள்ளது. பனிப்பொழிவு நின்று இரண்டு நாட்களாகி, வானமும் தெளிந்துவிட்டதால், எங்கள் மூவர் குழு பனிச்சறுக்குப் பயணத்தைத் தொடரலாமா?

பதில் 1:
3 என்பதைத் தயவுசெய்து நடுத்தரம் என்று கொள்ளாதீர்கள். அந்நிலையில் ஒரே ஒருவரின் எடைகூடச் செங்குத்தான சரிவை உடைத்துவிடலாம். வானம் தெளிந்த பின்னும், காற்று முகட்டைத் தாண்டி அள்ளிவந்து மறுபுறம் குவித்த பனி, அடியிலுள்ள பலவீனமான படலத்தின்மேல் இறுகிய பலகைபோல நாட்கணக்கில் நிலைகொண்டிருக்கும்.

பதில் 2:
இப்படி இறுகிய பனிப்பலகை பெயர்ந்து சரியும் பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில் நிகழ்கின்றன. எனவே 30 பாகைக்குக் குறைந்த, தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு எதுவும் இல்லாத வழியைத் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். காலடியில் பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ விரிசல் ஓடினாலோ உடனே திரும்பிவிடுங்கள்.

பதில் 3:
டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்குமிடத்தைச் சமிக்ஞையால் காட்டும் கருவி), துழாவுகோல், மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். புதையுண்டவரை முதல் சில நிமிடங்களில் மீட்கக்கூடியவர்கள் உடன் வந்தவர்கள் மட்டுமே. ஆகவே எல்லோரும் ஒருசேரப் புதையாதபடி, ஐயத்திற்குரிய சரிவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கடக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. முகட்டு வழியைக் கைவிட்டு, சாய்வு குறைந்த காட்டுவழியைத் தேர்ந்திருக்கிறோம்.