மறுமொழி: 'நெகிழ்வு எல்லை' – வீச்சு வேறு, நெகிழ்வு வேறு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இயன்முறை மருத்துவத்தில் 'ரேஞ்ச் ஆஃப் மோஷன்' (ஒரு மூட்டு எவ்வளவு அசைகிறது என்ற அளவு) என்பதற்கு முன்வைக்கப்பட்டுள்ள 'நெகிழ்வு எல்லை' என்ற சொல்லை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. மூட்டுக்கு உரிய அளவையும் தசைக்கு உரிய பண்பையும் அது ஒன்றாக்கிவிடுகிறது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்தினால், பெரும்பாலோருக்குத் தொடை ஏறத்தாழ 80 அல்லது 90 பாகையில் நின்றுவிடும். முழங்காலை மடக்கிக்கொண்டாலோ அதே தொடை 120 பாகை அளவுக்கு வயிற்றை நோக்கி வரும். இரண்டு நிலையிலும் இடுப்பு மூட்டு ஒன்றுதான். முதல் நிலையில் தடுத்தது, இடுப்பையும் முழங்காலையும் கடந்து செல்லும் பின்தொடைத் தசை. ஆகவே மூட்டு எத்தனை பாகை திரும்புகிறது என்பதற்கு ஒரு சொல்லும், தசை எவ்வளவு நீண்டு இடங்கொடுக்கிறது என்பதற்கு வேறொரு சொல்லும் வேண்டும்.

முன்னதற்கு 'அசைவு வீச்சு' என்பேன். புள்ளியியல் பாடத்தில் பெரும மதிப்புக்கும் சிறும மதிப்புக்கும் உள்ள இடைவெளியை வீச்சு என்றே படித்திருக்கிறோம். முழங்காலில் கோணமானியை வைத்து '0 முதல் 135 வரை' என்று குறிப்பவர் அளப்பதும் அத்தகைய இடைவெளியைத்தான். 'எல்லை' ஒரு முனையை மட்டுமே காட்டும்.

நோயாளி தானே அசைப்பதையும் மருத்துவர் அசைத்துப் பார்ப்பதையும் பிரிக்க, 'அசைவு', 'அசைப்பு' என்று தன்வினை பிறவினையாகச் சொல்லலாமே என்று முதலில் எண்ணினேன். ஆனால் நோயாளியிடமும் 'காலை அசையுங்கள்' என்று யாரும் சொல்வதில்லை, 'அசைத்துப் பாருங்கள்' என்றே சொல்கிறோம். அந்த வழி அடைபட்டது. 'தன்விசை வீச்சு', 'புறவிசை வீச்சு' என்பவை பொருந்துகின்றன; அசைப்பது மனிதரோ கருவியோ, இரண்டுக்கும் 'புறவிசை' இடங்கொடுக்கும். இந்தப் பிரிவு வெறும் சொல்லழகுக்காக அன்று. பிறர் நீட்டும்போது முழுதும் நீளும் முழங்கால், தானாக நீட்டும்போது 15 பாகை குறைந்து நின்றால், குறை மூட்டில் இல்லை, முன்தொடைத் தசையின் வலுவின்மையில் இருக்கலாம். தோள் மூட்டே இறுகிப்போகும் உறைதோள் நோயில் இரண்டு வீச்சுகளுமே குறையும். சிகிச்சையே இங்கு வேறுபடுகிறது.

'ஸ்ட்ரெச்சிங்' என்பதற்கு 'நீட்டல்' எனப் பலரும் எழுதுகிறார்கள். மடக்கலுக்கு எதிரான மூட்டசைவுக்கு நீட்டல் ஏற்கெனவே வழங்குகிறது. முன்தொடைத் தசைக்கான பயிற்சியில் முழங்காலை மடக்கிக் குதிகாலைப் பிட்டத்தை நோக்கிக் கொண்டுவர வேண்டும். அதற்கு 'முன்தொடை நீட்டல்' என்று தாளில் எழுதிக் கொடுத்தால், வீட்டுக்குப் போனவர் காலை நேராக நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். 'இழுப்பு' வலிப்பையும் மூச்சிரைப்பையும் நினைவூட்டுகிறது. 'சோம்பல் முறித்தல்' நம் வீட்டுச் சொல்தான், பழைய 'மூரி நிமிர்த்த'லும் அழகானது. ஆனாலும் எலும்பு முறிந்து வந்தவரிடம் எதையும் முறிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் முன்மொழிவு 'நெகிழ்த்தல்'. நெகிழ்வு தசையின் பண்பு. நெகிழ்த்தல் அதை உண்டாக்கும் செயல். மூட்டு எந்தத் திசையில் போகவேண்டும் என்று இச்சொல் கட்டளையிடுவதில்லை, எந்தத் தசை இளக வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. '30 நொடி பின்தொடை நெகிழ்த்தல்' என்று எழுதினால் எவருக்கும் குழப்பம் வராது. நெகிழ்ச்சி என்றால் மனவுருக்கம் ஆயிற்றே என்போருக்காகத்தான் 'நெகிழ்ச்சி'யைத் தவிர்த்து 'நெகிழ்வு' என்ற வடிவத்தைக் கொள்கிறேன்.

இதனோடு தொடர்புடைய ஒன்று மீதமிருக்கிறது. தசை வேலை செய்யும்போது நிகழ்வதைச் 'சுருக்கம்' என்கிறோம். நீண்ட நாள் மடக்கியே வைத்திருந்ததால் தசை நிலையாகக் குறுகிப்போவதையும் அப்படியே எழுதுகிறார்கள். பின்னதற்குத் 'தசைக் குறுக்கம்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். இலக்கணத்தில் ஐகாரக் குறுக்கம் படித்தவர்களுக்கு, தன் அளவில் குறைந்து நிற்பது என்ற பொருள் உடனே விளங்கும். மாற்றுக் கருத்து உடையோர், தாங்கள் விரும்பும் சொல்லை ஒரு பயிற்சித் தாளின் முழு வாக்கியத்தில் வைத்துக் காட்டினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.