தனிக்குடித்தனத்துக்கான பொருள்களில் எதற்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகள் விடுதியில் இருந்துவிட்டு, அடுத்த மாதம் சென்னையில் தனியாக வீடு எடுக்கிறேன். அடுப்படிச் சாமான்கள் முதல் மின்விசிறி வரை பெரும்பாலும் எல்லாமே புதிதாக வாங்க வேண்டும். கையிருப்போ 40,000 ரூபாய்தான். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிய செருப்பையும் கெட்டிலையும் திரும்பத் திரும்ப மாற்றியே நிறையப் பணம் இழந்துவிட்டேன். எந்தப் பொருளில் கூடுதலாகக் கொடுத்தால் அது அன்றாடம் பயன்தரும், எதில் சாதாரணமானதே போதும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மின்விசிறியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வழக்கமான விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. (BLDC) எனப்படும், மின்னணுப் பலகையால் இயங்கும் சிக்கன மோட்டார் கொண்டது 30 வாட் அளவில் ஓடும். சென்னை வெக்கையில் நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஓடினால், ஒரு விசிறியிலேயே 2 மாதத்தில் சுமார் 40 யூனிட் மிச்சமாகும். வீட்டு உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிப்பவராக இருந்தால், போட்ட கூடுதல் பணம் இன்னும் விரைவாகத் திரும்பிவிடும். ஆனால் அதன் மின்னணுப் பலகை பழுதானால் தெருமுனைக் கடையில் சரிசெய்வது கடினம் என்பதால், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்டே வாங்குங்கள். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகவும் மறவாதீர்கள்.

மறுமொழி 2:
தம்பி, முதலில் கேஸ் அடுப்புக்கான குழாயை வாங்குங்கள். உள்ளே கம்பிவலை வைத்த, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா குழாயே வேண்டும். அதையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். சாதாரண ரப்பர் குழாயில் மிச்சமாகும் நூறு ரூபாய்க்காக உயிரைப் பணயம் வைக்கலாகாது.

அடுத்தது தோசைக்கல். கனமான வார்ப்பிரும்புக் கல் சூட்டைத் தாங்கி வைத்திருப்பதால், மாவை ஊற்றியதும் சட்டென்று குளிர்ந்துவிடாது. தோசை சீராக முறுகும். இரண்டு மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறவைத்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்க வேண்டும். முதல் சில தோசைகள் பிய்ந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மாமியார் பழக்கிய கல்லில்தான் இன்றும் வார்க்கிறேன். நான்-ஸ்டிக் கல்லோ பூச்சு கீறிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் உடையும். அது ஒன்றில்தான் கவனம் தேவை.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன்; எனினும் விலை அதிகமென்பதாலேயே தரமும் அதிகம் என்று கொள்ள முடியாது. எவர்சில்வர் பாத்திரத்தில் 304 தரம் என்றால் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும்; 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடைகளில் காட்டுவார்கள். 202-இலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பதால் அதை நம்பி ஏமாற வேண்டாம். புளிப்பு எளிதில் அரிக்காமலிருக்க, புளிக்குழம்பு வைக்கும் பாத்திரத்துக்கு 304-க்கான விலையைக் கொடுங்கள். அரிசி போட்டுவைக்கும் டப்பாவுக்கு அது தேவையே இல்லை. வாளி, துடைப்பம், துணிக்கொடி எல்லாம் பக்கத்துக் கடையில் கிடைப்பதே போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டாவது மறுமொழி எழுதிய அம்மா சொன்னபடி கேஸ் குழாயை முதலில் வாங்கிவிடுகிறேன். படுக்கையறைக்கு மட்டும் பி.எல்.டி.சி. விசிறி ஒன்று வாங்கிக்கொண்டு, கூடத்தில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் பழைய விசிறியையே இப்போதைக்கு ஓட்டிக்கொள்கிறேன்.