காயத்தடுப்பு ஆராய்ச்சி: எல்லா வயதுக்கும் ஒன்றா, தனித்தனியா?

செங்கதிர்:
குழந்தை, இளைஞர், முதியவர் எல்லாரையும் ஒரே காயத்தடுப்புத் திட்டத்தில் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தவழும் பிள்ளை வெந்நீரைக் கவிழ்த்துக்கொள்வதற்கும் எண்பது வயதுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுவதற்கும் என்ன சம்பந்தம்? ஆராய்ச்சிப் பணத்தை வயதுவாரியாகப் பிரித்தால்தான் உருப்படும்.

வாசுகி:
சம்பந்தம் இருக்கிறது செங்கதிர். இரண்டிலும் உடம்பு தாங்கும் அளவுக்கு மேல் ஆற்றல் வந்து பாய்கிறது. ஒன்றில் வெப்பம், இன்னொன்றில் மோதல். அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன் இதை அட்டவணையாகவே போட்டார். சம்பவத்துக்கு முன், நடக்கும்போது, பின் என்று ஒரு பக்கம். ஆள், பொருள், சூழல் என்று மறுபக்கம். வயது எதுவானாலும் அந்தக் கட்டங்கள் அதேதான்.

உங்கள் வெந்நீரையே எடுங்கள். குழாய்த் தண்ணீர் 60 டிகிரி செல்சியஸ் இருந்தால் சில விநாடிகளில் தோல் ஆழமாக வெந்துவிடும். 49 டிகிரிக்கு இறக்கினால் அதே புண் வரப் பல நிமிடங்கள் ஆகும். பிள்ளையை அப்புறம் தூக்கிவிட நேரம் கிடைக்கும். தோல் மெலிந்த முதியவரையும் காப்பது வெப்பத்தைக் குறைக்கும் அதே திருகுதான்.

கொடிவீரன்:
இதற்கெல்லாம் ஆராய்ச்சியா! அவரவர் கவனமாக இருந்தால் போதாதா?

வாசுகி:
கவனம் பிசகும், அதுதான் மனுஷ இயல்பு. 1959இல் வோல்வோ கார் நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் மூன்றுமுனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தாரே, அது யாருடைய கவனத்தையும் கூட்டவில்லை. மோதினாலும் ஆள் பிழைக்க வழி செய்தது.

செங்கதிர்:
நல்லவேளை, பெல்ட்டை நீங்களே எடுத்தீர்கள். சின்னப் பிள்ளைக்கு அதே பெல்ட் கழுத்தில் விழுகிறது. அதனால்தான் அவர்களுக்குத் தனி இருக்கை.

கீழே விழுவதைப் பாருங்கள். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, உடற்பயிற்சியால் முதியோர் விழுவது கிட்டத்தட்ட கால்வாசி குறைகிறது. சமநிலைப் பயிற்சிக்கு அதில் பெரிய பங்கு. ஒன்றரை வயதுப் பிள்ளையை ஒற்றைக்காலில் நிற்கவைப்பீர்களா? அதற்கு ஜன்னல் கம்பி வேண்டும். தாத்தாவுக்கோ தூக்க மாத்திரையைக் குறைக்கவேண்டும்.

வாசுகி:
தீர்வு தனித்தனி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் எங்கே எப்படி விழுந்தார் என்பது எப்படித் தெரிந்தது? பல இடங்களில் மருத்துவமனைக் குறிப்பு 'தொடை எலும்பு முறிவு' என்பதோடு நின்றுவிடுகிறது. படியிலா, கட்டிலிலிருந்தா, ஈரத்தரையிலா? எழுதுவதில்லை. எல்லா வயதுக்கும் பொதுவான ஒரு பதிவேடு இருந்தால், பாட்டி தடுக்கிய அதே படியில் பேரனும் உருண்டது தெரியவரும்.

செங்கதிர்:
பதிவேடு பொதுவாக இருக்கட்டும், ஆட்சேபணை இல்லை. பணப்பெட்டி மட்டும் தனி. உலக அளவில் 5 முதல் 29 வயது வரை சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்து. அதன் சத்தம் பெரியது. பொதுப்பணம் முழுக்க அங்கேதான் ஓடும். குளியலறைக் கைப்பிடியை எவரும் சீண்டமாட்டார்கள்.