வெனிலா-மல்லிகை பெர்ஃப்யூம் வெயிலில் ஏன் திகட்டுது?

செவ்வந்தி:
வெனிலாவும் வெள்ளைப் பூக்களும் சேர்ந்த இனிப்பு வகை, ஓ டி பர்ஃபம், 50 மி.லி. கடையில் காகிதப் பட்டையில் அடிச்சுப் பார்த்தப்போ மல்லிகை பளிச்சுன்னு தெரிஞ்சது. உடம்பில் போட்டா அரை மணி நேரம் அருமை. அப்புறம் பூவைக் காணோம், கஸ்டர்டு பவுடர் டப்பாவைத் திறந்த மாதிரி வெறும் இனிப்பு மட்டும். சென்னை மதிய வெயிலில் தலைவலியே வருது. பூ ஏன் நிக்க மாட்டேங்குது? வாங்கும்போது வெளிர் மஞ்சளா இருந்தது எட்டு மாசத்தில் டீ நிறத்துக்கு வந்துடுச்சு, கெட்டுப்போச்சா? அடுத்த தடவை இதே வகையில் திகட்டாததை எப்படிப் பார்த்து வாங்கறது?

மகிழம்:
பூவுக்கு ஆயுசு குறைவு, அதுதான் விஷயம். மல்லிகை வாசனையில் முன்னால் நிற்கும் பென்சைல் அசிடேட், லினலூல் இரண்டும் லேசான பொருள்கள். தோல் சூட்டில் சீக்கிரம் ஆவியாகிவிடும். வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின் நேர் எதிர். சாதாரண அறையில் அது வெள்ளைப் பொடி, உருகுவதே 81 டிகிரிக்கு மேல்தான். பட்டையில் தொட்டு வைத்தால் வாரக்கணக்கில் மணக்கும். ஏசி கடையில், சூடில்லாத காகிதத்தில், முதல் ஐந்து நிமிடத்தில் நீங்கள் முகர்ந்தது பூவின் பங்கை. வெயிலில் உடம்போடு மிஞ்சுவது வெனிலாவின் பங்கு.

அதனால் பட்டையை நம்பாதீர்கள். முழங்கை மடிப்பில் ஒரே ஒரு அடி அடித்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்து, நாலு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். அப்போது பிடித்தால் வாங்கலாம். ஒரே நாளில் இரண்டு பெர்ஃப்யூமுக்கு மேல் சோதிக்க வேண்டாம், மூக்கு இனிப்புக்கு வெகு சீக்கிரம் பழகிவிடும்.

திகட்டாத வெனிலாவில் இனிப்பை எதிர்த்து நிற்க ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். வெனிலினைச் செயற்கையாகச் செய்தது 1874-இல். 1889-இல் வந்த கெர்லான் நிறுவனத்தின் ஜிக்கி பெர்ஃப்யூமில் அதற்குப் பக்கத்தில் லாவெண்டரை வைத்தார்கள். 1925-இன் ஷாலிமாரில் எத்தில் வெனிலின் உண்டு. அது சாதாரண வெனிலினைப் போல மூன்று மடங்கு வீரியம். அதைத் தாங்க மேலே எலுமிச்சை ஜாதிப் பழமான பெர்கமாட்டை அள்ளிப் போட்டு, கீழே பதனிட்ட தோல், புகை வாசனையைக் கொடுத்திருக்கிறார்கள். 1992-இன் ஏஞ்சலில் பஞ்சுமிட்டாய் வாசனை தரும் எத்தில் மால்டாலுக்கு எதிரே மண் வாசனையுள்ள பச்சோலி இலை. 1998-இன் ஹிப்னாடிக் பாய்ஸனில் மல்லிகைக்கும் வெனிலாவுக்கும் நடுவே கசப்பு பாதாம். இந்த எதிர்ப்பு இல்லாமல் வெனிலா, கேரமல், பிரலின் (பாகில் வறுத்த கொட்டை), வெள்ளைக் கஸ்தூரி என்று மட்டும் அட்டையில் போட்டிருந்தால் மதியத்துக்கு மேல் கஸ்டர்டுதான். பச்சோலி, வெட்டிவேர், பாதாம், தேயிலை, புகையிலை, இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள்.

சம்பங்கி:
நிறம் மாறினது கெட்டுப்போனதுக்கு அடையாளம் இல்லைங்க. இந்த வகைக்கே உள்ள குணம் அது. வெனிலின் ஒரு ஆல்டிஹைடு, மத்த பொருள்களோட சுலபமா வினைபுரியற வகை. மல்லிகையில் இயல்பாகவே இண்டோல், மெத்தில் ஆந்த்ரனிலேட்ங்கற ரெண்டு மணப்பொருள் இருக்கு. நம்ம குண்டுமல்லியில், அதாவது சம்பாக் வகையில், ஆந்த்ரனிலேட் பிச்சிப்பூவைவிட அதிகம். வெனிலின் இதுங்களோட சேர்ந்து மஞ்சள், அப்புறம் பழுப்பு நிறம் கொடுக்கும். வெளிச்சமும் சூடும் பட்டா இன்னும் வேகமா நடக்கும். அடிச்ச முதல் நிமிஷத்தில் புளிச்ச வாடையோ பழைய எண்ணெய் வாடையோ வந்தாத்தான் கவலைப்படணும். எலுமிச்சை, பெர்கமாட் மாதிரி முதலில் வர்ற மேல் வாசனைகள் காத்துப்பட்டுச் சிதைஞ்சிருக்குன்னு அர்த்தம். குளியலறை அலமாரியில் வைக்காம, அட்டைப்பெட்டியோட பீரோவுக்குள்ள வையுங்க.

இண்டோல் பத்தி இன்னொண்ணு. சாயங்காலம் மொட்டா வாங்கின மல்லிச்சரம் ராத்திரி விரிஞ்சு மணந்து, காலையில் இதழ் ஓரம் பழுப்பாகும்போது லேசா ஒரு மிருக வாடை வரும் பாருங்க, இண்டோல் அந்த ஜாதி வாசனைதான். விலை மலிவான பெர்ஃப்யூமில் அதைச் சுத்தமா எடுத்துடுவாங்க. எடுத்துட்டா மல்லிகை சோப்பு வாசனையாயிடும், வெனிலாவுக்கு ஈடு கொடுக்காது. பூவுக்குள்ள கொஞ்சம் அழுக்கு இருந்தாத்தான் இந்தக் கூட்டுக்கு உயிர். தலையில் நிஜப் பூ வைக்கிற நாளில் இந்த பெர்ஃப்யூமை மணிக்கட்டோட நிறுத்திக்குங்க. கழுத்துக்குப் போட்டா ரெண்டும் முட்டிக்கும்.

தாழை:
போடும் அளவில்தான் பலர் தவறுகிறார்கள். ஓ டி பர்ஃபம் என்றால் பெரும்பாலும் 15 முதல் 20 சதவீதம் வாசனைச் சரக்கு. ஏப்ரல், மே மாதத்தில் இரண்டு அடி போதும். கழுத்தும் காதுக்குப் பின்புறமும் வேண்டாம், சூடும் வியர்வையும் அதிகம், மூக்குக்கும் பக்கம். முழங்கை மடிப்பில் ஒன்று, இடுப்புக்கு மேல் உள்பக்கத் துணியில் ஒன்று. குளித்ததும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவி, அது ஊறியபின் அடித்தால் பூ இன்னும் சற்று நேரம் நிற்கும். மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்க்காதீர்கள், அந்தச் சூட்டில் மேல் வாசனை இன்னும் முன்னதாகக் கிளம்பிவிடும். மதியம் மணக்கவில்லை என்று மறுபடி அடிப்பதுதான் பெரிய தவறு. உங்கள் மூக்குதான் பழகிவிட்டது, பக்கத்து இருக்கைக்காரருக்கு நன்றாகவே தெரியும்.

மகிழம்:
இந்தச் சமநிலையைக் கையால் புரிந்துகொள்ள விரும்பினால், 10 கிராம் சரக்குக்கு ஒரு கூட்டு தருகிறேன். 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். சொட்டுக்கணக்கு வேண்டாம், ஒவ்வொரு பொருளின் சொட்டும் ஒவ்வொரு எடை. மல்லிகை மணம் தரும் ஹெடியோன் 3.5, பென்சைல் சாலிசிலேட் 1.5, கஸ்தூரி மணமுள்ள எத்திலீன் பிராசிலேட் 1.2, வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் பொருளை நீக்கிய பெர்கமாட் எண்ணெய் 1.2, சரிபாதி கரைப்பானில் கரைத்த பென்சாயின், அதாவது சாம்பிராணிப் பிசின், 1.0, வெனிலின் 0.8, பாதாம் கலந்த இனிப்பு மணமுள்ள ஹெலியோட்ரோபின் 0.4, சம்பாக் மல்லிகை அப்சல்யூட், அதாவது பூவிலிருந்து கரைப்பானால் பிரித்தெடுத்த சாறு, 0.3, எத்தில் வெனிலின் 0.1.

வெனிலின், எத்தில் வெனிலின், ஹெலியோட்ரோபின் மூன்றும் திடப்பொருள். அவற்றை முதலில் ஹெடியோனிலும் சாலிசிலேட்டிலும் போட்டு, கண்ணாடிக் குப்பியை 40 டிகிரி வெந்நீரில் வைத்துக் கலக்குங்கள். துகள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. ஆறியபிறகே மல்லிகையும் பெர்கமாட்டும் சேர வேண்டும், சூட்டில் சேர்த்தால் அவற்றின் மேல் மணம் போய்விடும். ஒரு வாரம் இருட்டில் ஊறட்டும். பிறகு 1.5 கிராம் சரக்குக்கு 8.5 கிராம் பெர்ஃப்யூமுக்கான எத்தில் ஆல்கஹால் சேர்த்து, மேலும் மூன்று வாரம். ஆல்கஹால் சேர்த்தபின் அடுப்புப் பக்கமே போகக் கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டாம், அதன் ஆஸ்பத்திரி நெடி பூவை அமுக்கிவிடும். கலங்கலாக இருந்தால் அப்சல்யூட்டின் மெழுகு பிரிந்திருக்கும். ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்து காபி வடிதாளில் வடித்துவிடுங்கள். சமையல் வெனிலா எசென்ஸ் இதற்கு ஆகவே ஆகாது, அதிலிருக்கும் தண்ணீரும் கிளைகால் என்ற கரைப்பானும் தோலில் பிசுபிசுக்கும்.

இதையே இரண்டாவது குப்பியில் எத்தில் வெனிலினை மட்டும் 0.4 ஆக்கிச் செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து முகருங்கள். ஹெடியோன் அப்படியே இருந்தும் பூ எங்கோ சுவருக்குப் பின்னால் போயிருக்கும்.

செவ்வந்தி:
ரொம்ப நன்றி, இப்போ புரியுது. துணியில் அடிக்கச் சொன்னீங்களே, வெள்ளைக் காட்டன் புடவையில் கறை விழாதா?

சம்பங்கி:
கண்டிப்பா விழும். தாழை சொன்னது உள்பக்கத் துணி, அதுவும் நிறமுள்ள துணியா இருக்கணும். வெள்ளைப் புடவை, வேட்டி பக்கமே கொண்டுபோகாதீங்க. காரத்தில் வெனிலின் மஞ்சளாகும், அதனால் கறை விழுந்த இடத்தில் துவைக்கிற சோடாவோ பார் சோப்போ போட்டா இன்னும் அடர்த்தியாத் தெரியும். முதலில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, அடியில் வெள்ளைத் துணி வெச்சு ஒத்தி எடுங்க. அப்புறம் லிக்விட் டிடர்ஜென்ட், கடைசி அலசலில் ஒரு வாளிக்கு ரெண்டு ஸ்பூன் வினிகர். மஞ்சள் முழுக்கப் போற வரைக்கும் இஸ்திரி போடாதீங்க.