கலைச்சொல் தேவை: ‘ஸோன் ஆஃப் இன்ஹிபிஷன்’ வளையமா, வட்டமா?

செ.: வணக்கம். இளநிலை நுண்ணுயிரியல் செய்முறைக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. கிராம்பு, மஞ்சள் சாறுகள் பாக்டீரியாவைத் தடுக்கின்றனவா என்று அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) தட்டில் பார்க்கும் பாடம். சாறு ஊறிய காகித வில்லையைச் சுற்றி பாக்டீரியா முளைக்காத இடத்தை, அதாவது ‘ஸோன் ஆஃப் இன்ஹிபிஷன்’ என்பதை, ‘தடுப்பு வளையம்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

ம.: வளையம் வேண்டாம் ஐயா. வளையம் என்றால் மாணவர் வில்லையின் விளிம்பிலிருந்துதான் அளப்பார். அளக்கவேண்டியது வில்லையின் 6 மி.மீ.யும் சேர்ந்த முழு விட்டம். தட்டைக் கவிழ்த்து, கறுப்புப் பரப்பின்மேல் பிடித்து, பின்புறமிருந்து அளக்கவேண்டும். ‘தெளிவட்டம்’ என்போமே?

க.: மஞ்சள் சாறு அகாரில் ஊறினால் வட்டமே மஞ்சளாகிவிடும், தெளிவு ஏது? ‘கொல்வட்டம்’ சுருக்கமானது.

ம.: அது பிழை. உள்ளே இருப்பவை செத்துவிட்டன என்று சொல்ல முடியாது, வளர்ச்சி மட்டும் நின்றிருக்கலாம். அங்கிருந்து சுரண்டி மருந்தில்லாத தட்டில் தேய்த்தால் முளைக்கக்கூடும்.

இ.: நிலவைச் சூழும் ஒளிவட்டத்துக்கு ‘ஊர்கோள்’ என்ற பழஞ்சொல் அகராதியிலேயே இருக்கிறது. ‘கோள்’ கொள்ளுதல், சூழ்ந்துகொள்வதால் வந்த பெயர் என்பது என் கருத்து. ‘அகல் வட்டம் பகல் மழை’ என்ற பழமொழியில் வருவதும் இந்த வட்டந்தான். பரிவேடம் என்ற வடசொல் எதற்கு?

க.: இங்கே யாரும் பரிவேடம் கேட்கவில்லையே ஐயா! தேர்வில் ‘ஊர்கோள்’ என்று கேட்டால் பிள்ளைகள் வானியலுக்குப் போய்விடுவார்கள்.

ம.: சொல் எதுவானாலும் இரண்டு எச்சரிக்கைகளைச் சேருங்கள். கிராம்பெண்ணெய் நீரில் சரியாகக் கரையாது, அகாரில் பரவாது, ஆவியாகியும் போகும். வட்டம் சிறுத்தால் மருந்து வலுவற்றது என்று முடிவுகட்டக் கூடாது. பாக்டீரியா வளரும் திரவ ஊடகத்தில் மருந்தை நீர்க்கச்செய்தும் பார்க்கவேண்டும். அடுத்து, 1 மி.லி. டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பானில் 100 மி.கி. உலர்சாறு கரைத்து, 10 மைக்ரோலிட்டர் வைத்தால் வில்லையில் 1 மி.கி. இருக்கும். ஒப்பிடப் பக்கத்தில் வைக்கும் ஜென்டாமைசின் (பாக்டீரியா எதிர்ப்பு மருந்து) வில்லையில் 10 மைக்ரோகிராம்தான். நூறு மடங்கு வேறுபாடு! வட்டம் சமமாக இருக்கிறது என்று ‘மூலிகை வென்றது’ என எழுதிவிடுகிறார்கள். கரைப்பானே தடுக்கிறதா என்று அறிய, அது மட்டும் வைத்த வில்லையும் அதே தட்டில் வேண்டும்.

செ.: ‘வளர்ச்சித்தடை வட்டம்’ என்றே போடுகிறேன். எச்சரிக்கைகளையும் சேர்க்கிறேன்.

க.: நீளம். ஆனாலும் சரி.

இ.: எனக்கு உடன்பாடில்லை. ‘தடை’ சட்டத்துறைச் சொல். ஊர்கோளை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.