அடாப்டேஷனுக்குத் ‘தழுவல்’ போதுமா?

காட்பாடியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் கல்லூரியில் இந்தப் பருவம் திரைப்பட ரசனையை விருப்பப் பாடமாக வைத்திருக்கிறார்கள். எடுத்திருப்பவர்களில் பாதிப் பேர் குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள். அவர்களுக்காக ஒரு சொற்பட்டியல் போடுகிறேன். அடுத்த இரண்டு வாரம் அறிவியல் புனைகதைகள் படமாவதைப் பற்றிய பாடம். முதல் சொல்லிலேயே வண்டி நின்றுவிட்டது: அடாப்டேஷன்.

பள்ளி உயிரியல் புத்தகத்தில் இதற்குத் ‘தகவமைப்பு’ என்று படித்திருக்கிறார்கள். ஒட்டகம் பாலைவனத்துக்குத் தகவமைந்தது போலக் கதை திரைக்குத் தகவமைந்தது என்று சொன்னால் பின் பெஞ்சு என்னை விடாது. திரையாக்கம், படமாக்கம், திரைப்படுத்தல் என்று மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வகுப்பு. யாராவது கைகொடுங்கள்.

*

ஆம்பூரிலிருந்து:

காட்பாடி சார், இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? தழுவல் இருக்கிறதே. பட ஆரம்பத்தில் ‘இன்ன நாவலைத் தழுவியது’ என்று போட்டால் எல்லாருக்கும் புரிகிறது. படமாக்கம் வேண்டாம். ‘ஏலகிரியில் படமாக்கினார்கள்’ என்றால் அது ஷூட்டிங். திரைப்படுத்தல் என்பது அரசாணை மாதிரி இருக்கிறது. புழங்குகிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்தால் அது நம் பட்டியலிலேயே கிடந்து தூங்கும்.

*

ஆரணியிலிருந்து:

ஆம்பூர்த் தம்பி சொல்வதில் முக்கால் பங்கு எனக்கும் சம்மதம். மீதிக் கால்பங்குக்காகக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தழுவல் நல்ல சொல். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். ஆளும் ஊரும் பேரும் நம்முடையவை ஆயின, கதையின் எலும்பு அப்படியே நின்றது. நம் நாடகக்காரர்களுக்குத் தழுவல் என்றால் இதுதான். அறிவியல் கதைகளிலும் இது நடக்கிறது. எச். ஜி. வெல்ஸின் செவ்வாய்வாசிகள் 1898 நாவலில் இங்கிலாந்தில் இறங்கினார்கள், 1938 வானொலி நாடகத்தில் நியூஜெர்சியில், 1953 படத்தில் கலிஃபோர்னியாவில். எங்கே எடுக்கிறார்களோ அங்கே இறங்க வேண்டியதுதான். இதைத் தழுவல் என்று தாராளமாகச் சொல்லலாம். (சினிமாப் பேச்சில் தழுவல் என்பது ‘சுட்டது’ என்பதற்கு மரியாதைப் பெயராகவும் ஆகிவிட்டது. அந்தக் கறையை நாம் இங்கே கழுவ முடியாது.)

அதே வெல்ஸின் கால இயந்திரத்தைப் பாருங்கள். 1895இல் வந்த நாவலில், இயந்திரம் வேகமெடுப்பதை வெல்ஸ் இப்படிக் காட்டுகிறார்: வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் சாதாரணமாக அறையைக் கடந்து போகிறார், பயணிக்கு அது ராக்கெட் பாய்வது போலத் தெரிகிறது. அப்புறம் விளக்கை அணைத்தது போல ராத்திரி வருகிறது, அடுத்த நொடி மறுநாள். படிக்க அருமை. ஆனால் ஆண்டுகள் பத்துப் பத்தாக ஓடுவதை எப்படிக் காட்டுவது? 1960இல் ஜார்ஜ் பால் எடுத்த படத்தில், பயணியின் வீட்டுக்கு எதிரே ஒரு துணிக்கடை. அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மை நிற்கிறது. அதன் உடுப்பு மாறுகிறது, பாவாடை குட்டையாகிறது, தொப்பி மாறுகிறது. பொம்மைக்கு மட்டும் வயதாகவில்லை. நான் புடவைக்கடைக் கணக்கு எழுதுகிறவள், கடைப் பொம்மையை வைத்துக் காலத்தை அளப்பது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நாவலில் இல்லாத பொம்மை அது. ஆனால் நாவல் சொல்லவந்ததைத்தான் அது சொல்கிறது. இதைத் தழுவல் என்றால் சரியா? எந்த ஊரும் பேரும் மாறவில்லையே. வாயால் விளக்கிய ஒரு கருத்துக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஓர் உடம்பு கிடைத்திருக்கிறது. அந்த வேலைக்குத்தான் நம்மிடம் சொல் இல்லை.

எனக்கு இதை விளக்கச் சினிமாவைவிடப் பாரதக் கூத்து வசதி. 1989இல் வட ஆர்க்காட்டைப் பிரித்தார்கள், 2019இல் வேலூரை மூன்றாக்கினார்கள். திரௌபதியம்மன் கோயில் பாரதத்தை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை, பாலாற்றுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் அதே கதைதான். மத்தியானம் பிரசங்கியார் உட்கார்ந்து வில்லிபாரதப் பாட்டைச் சொல்லி விளக்குவார். அதே கட்டத்தை ராத்திரி கூத்தாகக் கட்டுவார்கள். ஒரே நாளில் ஒரே கதை இரண்டு முறை, முதலில் காதுக்கு, பிறகு கண்ணுக்கு. இதைவிட நல்ல பாடம் எந்தக் கல்லூரியில் கிடைக்கும்?

அதில் படுகளத்தன்று என்ன செய்கிறார்கள்? துரியோதனன் தொடை பிளந்து விழுந்தான் என்பது பிரசங்கத்தில் ஒரு பாட்டு. திடலிலோ மண்ணைக் குழைத்து ஆளைவிடப் பல மடங்கு பெரிய உருவமாக அவனை மல்லாத்திப் போட்டிருப்பார்கள். தொடையில் சிவப்பு நீர் வைத்திருப்பார்கள். பீமன் அடிப்பான், சிவப்பு தெறிக்கும், திரௌபதி கூந்தலை முடிவாள். ‘அவன் ஆணவம் பெரிது’ என்று யாரும் சொல்லத் தேவையில்லை, சுற்றிவரவே நேரம் பிடிக்கிற அளவுக்குக் கிடக்கிறான். அர்ச்சுனன் தபசும் அப்படித்தான். கயிலைக்குப் போவதை ஓர் உயர்ந்த மரத்தில் ஏறுவதாக வைத்துவிட்டார்கள்.

ஆகவே என் முன்மொழிவு இரண்டு சொல். முழு வேலைக்கும் ‘திரையாக்கம்’ இருக்கட்டும், மூன்றில் அதுதான் தேவலை. அதற்குள் நடக்கிற இந்தக் குறிப்பிட்ட காரியத்துக்கு ‘உருக்கட்டு’. வேஷங்கட்டுகிறோம், கூத்துக் கட்டுகிறோம், அந்தக் கட்டு. திரைக்கதை வகுப்புகளில் எக்ஸ்டர்னலைசேஷன் என்கிறார்களே, அதற்கு நேராக வைத்துக்கொள்ளலாம். ‘புறவயமாக்கல்’ என்று ஒருவர் எழுதிப் படித்தேன். வாயில் வைத்தால் கரைய மாட்டேன் என்கிறது.

சொல் வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன். டெட் சியாங் 1998இல் எழுதிய கதையிலிருந்து ‘அரைவல்’ படம் 2016இல் வந்தது. கதையில் வேற்றுக்கிரகவாசிகளின் மனத்தைப் புரிந்துகொள்ள ஓர் இயற்பியல் விதி உதவுகிறது. தண்ணீருக்குள் நுழைகிற ஒளி, போய்ச் சேர வேண்டிய இடத்தை முன்பே தெரிந்துவைத்திருப்பது போல, மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையில் போகிறது என்கிற ஃபெர்மாவின் விதி. முடிவு தெரிந்தே தொடங்குவது. இதைப் படத்தில் கரும்பலகை போட்டு விளக்கியிருந்தால் கொட்டகையில் பாதிப்பேர் டீ குடிக்கப் போயிருப்பார்கள். படத்தில் முன்னுக்கு வருவது அந்த வேற்றுக்கிரகவாசிகளின் எழுத்துத்தான், மையில் எழும்பும் வட்டமாக. வட்டத்துக்கு முதலும் இல்லை, கடைசியும் இல்லை. ஃபெர்மாவை வட்டமாக உருக்கட்டியிருக்கிறார்கள். சரியாக உட்காருகிறது, இல்லையா?

எது உருக்கட்டு இல்லை என்றும் சொல் காட்ட வேண்டும். வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதன் நாவலில், உடம்பின் ஒளிவிலகல் எண்ணைக் காற்றின் அளவுக்குக் கொண்டுவந்தால் மறைந்துபோகலாம் என்று பக்கம் பக்கமாக விளக்கம் வரும். 1933 படத்தில் மோனோகெய்ன் என்று ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டார்கள். அந்த மருந்து புத்தியையும் கெடுக்கும் என்று சேர்த்தார்கள், கதைக்கு அது உதவியது. ஆனால் அறிவியலுக்கு உடம்பு கிடைக்கவில்லை, அதைப் புட்டியில் அடைத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு சொல்லும் மடியில் இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரன் வந்து யார் எவர் என்று சொல்லிவிட்டுப் போவானே, அதே ஆள் இந்தப் படங்களிலும் வருகிறான். ‘ஜுராசிக் பார்க்’கில் (1993) கொசுவின் வயிற்று ரத்தத்திலிருந்து டைனோசர் வந்த கதையை ஒரு கார்ட்டூன் பொம்மை சொல்லிக்கொடுக்கிறது. அசல் கட்டியங்காரன், கேலியும் கிண்டலும் உட்பட. ‘பிளேட் ரன்னர்’ 1982இல் வந்தபோது நாயகன் குரலிலேயே பின்னணி விளக்கம் ஓடியது, 1992 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இதற்குக் ‘கட்டியம்’ என்று வைத்தால் என்ன?

*

வாலாஜாவிலிருந்து:

ஆரணி அம்மாவுக்கு வணக்கம். கூத்தைக் கொண்டுவந்தது மகிழ்ச்சி. இருந்தாலும் பழைய தமிழாசிரியன் கை சும்மா இராது.

ஒன்று. உருவைக் கட்டுதல் என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை. அதில் வல்லினம் பொதுவாக மிகாது. ‘கதை கட்டினான்’ என்கிறோம், ‘கதைக் கட்டினான்’ என்பதில்லை. ‘உருக்கட்டு’க்குக் ககர ஒற்று எப்படி வந்தது?

இரண்டு. கட்டியம் வேண்டாம். ‘தேர்தல் வெற்றிக்குக் கட்டியம் கூறும் கூட்டம்’ என்று செய்தித்தாள் தினமும் எழுதுகிறது. வரப்போவதை முன்னறிவிப்பது என்றுதான் பிள்ளைகள் கொள்வார்கள். படத்தில் இது பெரும்பாலும் நடந்ததை விளக்குவது. ‘கட்டியக் குரல்’ என்று குரலையும் சேர்த்தால் ஒருவேளை தப்பிக்கலாம்.

மூன்று. ஏன் ‘திரைக்கட்டு’ ஆகாது? திரையாக்கத்தோடு இணையாக நிற்குமே.

*

ஆம்பூரிலிருந்து:

திரைக்கட்டு என்றால் எங்கள் ஊரில் டென்ட் கொட்டாய்க்கு வெள்ளைத் துணி கட்டுகிற ஆள் வந்துவிட்டான் என்று நினைப்பார்கள் ஐயா. உருக்கட்டிலும் எனக்கு ஒரு சந்தேகம். வேகமாகப் படித்தால் ‘உருக்கு’ என்று கண் போகிறது. ராணிப்பேட்டைப் பக்கம் போய்ச் சொன்னால் கிலோ என்ன விலை என்பார்கள்.

ஆனால் அக்கா, கடைப் பொம்மை விஷயத்தில் நான் தோற்றேன். அதைத் தழுவல் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

*

ஆரணியிலிருந்து:

வாலாஜா ஐயா, கட்டியக் குரலை ஏற்றுக்கொள்கிறேன். தனியாகக் கட்டியம் வேண்டாம்.

ஒற்று பற்றி: ‘உருப்பெறு’ என்பதும் உருவைப் பெறுதல்தான், அங்கே பகரம் மிகுகிறது. ‘உருப்போடு’ என்பதிலும் அப்படியே. தனிக்குறிலை அடுத்து முற்றியலுகரம் வருகிற சொல் இது. திரு, பொது, முழு எல்லாம் அடுத்த வல்லினத்தை இழுத்துக்கொள்வதைப் போல இதுவும் இழுக்கிறது. நான் விதியைப் பார்த்து வைக்கவில்லை, வாயில் அப்படித்தான் வந்தது. விதி அப்புறம் வந்து சேர்ந்துகொண்டது. நீங்கள் ‘உருகட்டு’ என்று எழுதிப் பாருங்கள், மெழுகுவத்திதான் ஞாபகம் வரும்.

தம்பிக்கு: உருக்கு பயம் நியாயம். ஆனால் வினையாகச் சொன்னால் அந்தக் குழப்பம் போய்விடுகிறது. உருக்கட்டினார், உருக்கட்டாத கருத்து, உருக்கட்டத் தெரியாத இயக்குநர். உருக்கை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல முடியாது.

ஒன்று விட்டுப்போயிற்று. ‘டியூன்’ நாவலில் ஆட்கள் பேசுவதைவிட மனத்துக்குள் நினைப்பது அதிகம். 1984 படம் அந்த நினைப்பையெல்லாம் குரலாகவே கேட்கவிட்டது, அதாவது கட்டியக் குரல். 2021 படத்தில் தாயும் மகனும் விரல் சைகையில் பேசிக்கொள்கிறார்கள். ஒரே நாவலுக்கு இரண்டு வழி. காட்பாடி சார், இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் பாடம் தானாக நடக்கும். சுஜாதாவின் ஜீனோவையும் மறக்காதீர்கள். ‘என் இனிய இயந்திரா’வைப் படித்தபோது அந்த இயந்திர நாயின் பேச்சுத்தான் நமக்கு நாய், உடம்பை அவரவர் மனத்தில் செய்துகொண்டோம். தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது எல்லாருக்கும் சேர்த்து ஒரே உடம்பு வேண்டியிருந்தது. நாயைப் பார்த்து வருத்தப்பட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

*

காட்பாடியிலிருந்து:

வியாழன் வகுப்பு முடிந்தது. பலகையில் திரையாக்கம், தழுவல், உருக்கட்டு, கட்டியக் குரல் நான்கையும் எழுதினேன். தழுவலுக்கு அமலாதித்யனும் செவ்வாய்வாசிகளும், உருக்கட்டுக்குக் கடைப் பொம்மையும் மை வட்டமும்.

திரையாக்கத்தை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டியக் குரலுக்குச் சிரித்தார்கள். உருக்கட்டை ஒரு பையன் ‘உருகட்டு’ என்றே நோட்டில் எழுதியிருக்கிறான், ஆரணி அம்மா மன்னிக்க வேண்டும்.

பிறகு ஒரு விண்வெளிப் படத்திலிருந்து பத்து நிமிடம் போட்டேன். விஞ்ஞானி ஒருவர் நின்றுகொண்டே கருந்துளையை விளக்குகிறார், எதிரில் இருப்பவர் தலையாட்டுகிறார். அணைக்கட்டுப் பெண் ஒருத்தி, ஊரில் வருஷாவருஷம் பாரதம் நடக்குமாம், கை தூக்கினாள். “சார், இன்னும் பிரசங்கமே முடியல. எப்போ சார் உருக்கட்டுவாங்க?”